இணையர் ஈமப்பேழை: முகமும் கையும்

இணையர் ஈமப்பேழை (பொ.யு.மு. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதி) இத்தாலியின் எத்ரஸ்கன் பண்பாட்டைச் சேர்ந்த சுடுமண் சிற்பம். 1881-ல் செர்வெத்தேரி நகரின் பண்டிதாச்சா இடுகாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கண்டெடுக்கப்பட்டது. துண்டுகள் பொருத்தப்பட்டு இன்று ரோம் நகரின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் உள்ளது. இறந்தவர்களின் சாம்பலை வைக்கச் செய்யப்பட்டது எனக் கருதப்படும் இப்பேழை ஒரு கட்டிலின் வடிவம் கொண்டது. அதன் மூடியில் கணவனும் மனைவியும் விருந்துண்பவர்களாக ஒருக்களித்துச் சாய்ந்திருக்கிறார்கள்.

இதை ஒரு குறிப்பிட்ட தம்பதியரின் உருவப்படம் என்று சொல்ல முடியாது. வாதுமை வடிவக் கண்கள், கூரிய தாடை, உதட்டோரச் சிரிப்பு எல்லாம் அக்காலச் சிற்பங்களின் பொது வாய்பாடு. இதே ஊரில் கிடைத்து 1861-ல் கம்பானா சேகரிப்புடன் பிரான்ஸுக்குச் சென்ற, இன்று லூவரில் இருக்கும் இன்னொரு பேழையிலும் ஏறத்தாழ இதே முகங்கள்தான். அப்படியானால் அந்தக் குடும்பம் எதை நினைவாக வைத்துக்கொண்டது?

சிற்பி தன் உழைப்பைச் செலவிட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். இடுப்புக்குக் கீழே உடல்கள் தட்டையாகி, கால்கள் துணிக்குள் மெலிந்துவிடுகின்றன. இதை உடற்கூறு அறியாத குறை என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மேலே நான்கு கைகள் அத்தனை உயிரோடு இருக்கின்றன. கணவனின் கை மனைவியின் தோளைச் சுற்றியிருக்கிறது. அவளது விரல்கள் எதையோ பிடித்தபடி வளைந்திருக்கின்றன. அவனது உள்ளங்கையில் அவள் நறுமணத் தைலம் ஊற்றுகிறாள் என்பது ஆய்வாளர்கள் பலரின் ஊகம். வெளியில் மடக்கி நீட்டிய இத்தகைய விரல்களைக் கல்லில் செதுக்கினால் முறியும் அபாயம் அதிகம். களிமண்ணில் தனியே உருட்டி ஒட்டிவிடலாம். கையிலிருந்த பொருட்கள் இன்று இல்லை. அந்த வெறுமை நம்மை உருக்குகிறது, ஆனால் அது காலம் செய்தது. சிற்பியின் கணக்கில் சேர்க்கக்கூடாது.

அன்பை மட்டும் இதில் காண்பதும் சரியல்ல. கிரேக்க விருந்துகளில் மனைவியருக்கு இடமில்லை. எத்ரஸ்கன் பெண்கள் ஆண்களோடு சமமாகச் சாய்ந்து உண்பதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோபொம்பஸ் ஏளனத்தோடு எழுதினார். இங்கே அவள் அமர்ந்திருப்பதில் மேட்டுக்குடியின் பெருமிதமும் இருக்கிறது.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் செய்யப்பட்டு, இப்போது வோல்தெர்ராவின் குவார்னாச்சி அருங்காட்சியகத்தில் இருக்கும் சுடுமண் சாம்பல்பேழை மூடியில் ஒரு முதிய தம்பதியர் இருக்கிறார்கள். சுருக்கங்கள், தளர்ந்த கன்னங்கள், யாரோ இருவரை நேரில் பார்ப்பதுபோன்ற முகங்கள். முக ஒப்புமையே நினைவுச்சிற்பத்தின் அளவுகோல் என்றால் இதுவே மேலானது. ஆனால் அதில் மனைவி கணவனின் முகத்தையே உற்றுப் பார்க்க, அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறான். செர்வெத்தேரியில் இருவரும் ஒரே திசையை நோக்கி, இன்னும் பேச்சு முடியாதவர்கள்போல இருக்கிறார்கள்.