எலும்பு சேர்ந்தால் போதுமா?

எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு என்பது சென்னைக்காரர்களுக்கும் பழகிய வழி. பழைய சித்தூர் மாவட்டத்துப் புத்தூரில் பச்சிலையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டும் அந்த முறை, தோல் கிழியாத எளிய முறிவுக்கு ஒருவேளை உதவலாம். லாரி மோதி எலும்பு வெளியே வந்து, மண் படிந்து, சீழ் வைத்து, ஒரு துண்டு செத்தும்போன கீழ்க்காலை எந்தக் கட்டும் சேர்க்காது. கீழ்க்கால் எலும்பின் முன்புறம் தோலுக்கு நேர் கீழே, சதைக் காப்பு இல்லாமல் இருப்பதால் சாலை விபத்துகளில் இந்தக் கதி அடிக்கடி நேர்கிறது. அங்கேதான் தோலைத் துளைத்த கம்பிகளால் எலும்பைப் பிடிக்கும் வளையங்கள் கொண்ட இலிசரோவ் சட்டம் தேவைப்படுகிறது. நம் பக்கத்தில் "ரிங் போட்டிருக்கு" என்பார்கள்.

சைபீரியாவின் குர்கான் நகரில் மருத்துவர் கவ்ரீல் இலிசரோவ் 1950களில் உருவாக்கிய இந்த முறையின் அடிப்படை வியப்பூட்டுவது. எலும்பை வெட்டி, சில நாள் விட்டு, மெல்ல மெல்ல விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு வளரும். நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர். அதையும் நான்கு தவணையாக, கால் சுற்றுக் கால் சுற்றாக நட்டைத் திருக வேண்டும். வேகமாகத் திருகினால் எலும்பு ஊறாது. தாமதித்தால் வெட்டிய இடம் முன்கூட்டியே மூடிக்கொள்ளும். சீழ் பிடித்த பகுதியை நீக்கிவிட்டு, உள்ளே தகடோ ஆணியோ நிரந்தரமாக வைக்காமலே 5 சென்டிமீட்டர் இழப்பைக்கூட நிரப்பலாம். நோயாளி நடந்துகொண்டே குணமாகலாம். போலியோவில் வளைந்த கால்களையும் இதே முறையில் நிமிர்த்தலாம்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5 சென்டிமீட்டருக்கு நட்டுத் திருகுவது மட்டும் 50 நாள். புது எலும்பு கெட்டிப்பட அதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். அத்தனை மாதமும் தோலைத் துளைத்த கம்பிகள் வெளியுலகுக்கும் எலும்புக்கும் இடையே திறந்த வழியாக நிற்கின்றன. கம்பி துளைத்த இடம் சிவப்பதும் நீர் வடிவதும் மிகப் பரவலான சிக்கல். கெண்டைச்சதை இழுத்துப் பாதம் கீழ்நோக்கி வளைந்துவிடக்கூடும். பாதத்துக்கு ஒரு பட்டையிட்டு வளையத்தோடு இழுத்துக் கட்டி, தினமும் பயிற்சி கொடுத்தால்தான் தடுக்க முடியும். இழப்பை நிரப்ப நகர்த்திய எலும்புத் துண்டு மறுமுனையைச் சந்திக்கும் இடம் ஒட்டாமல் மறு அறுவை தேவைப்படலாம். சட்டத்தைக் கழற்றியபின் மீண்டும் முறியவும் கூடும். 1990இல் எலும்பு மருத்துவர் டிரார் பேலி இந்தச் சிக்கல்களை மூன்றாகப் பிரித்தார்: அறுவையின்றித் தீர்வன, அறுவையால் தீர்வன, சிகிச்சை முடிந்தும் தீராதவை. அறுவை மருத்துவருக்கு மிகப் பயன்படும் பகுப்பு இது. எனினும் அதன் அளவுகோல் மருத்துவமனைக்குள்ளேயே நிற்கிறது. மாத்திரையில் ஆறிய சீழ் அதில் முதல் வகை. அதற்காகக் குப்பம் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் திருப்பதி வந்துபோகும் கூலித் தொழிலாளிக்கும் துணைக்கு வந்தவருக்கும் அது கூலி இழப்பு, கடன். நட்டுத் திருகுதல், கம்பித் துடைப்பு, பயிற்சி எல்லாம் வீட்டில் நடப்பவை. சிக்கல்களில் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

இத்தனை பாடு எதற்கு, காலை எடுத்துவிட்டுச் செயற்கைக்கால் வைக்கலாமே என்பார்கள். 2002இல் வெளியான அமெரிக்க லீப் ஆய்வில், கடும் காயத்தில் காலைக் காத்தவர்களும் இழந்தவர்களும் இரண்டாண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள். வலுவான வாதம்தான். ஆனால் சேற்றில் இறங்கி நாற்று நடுபவருக்கும், குந்தி உட்கார்ந்து வேலை செய்பவருக்கும், தேய்ந்த செயற்கைக்காலை மாற்ற வழியில்லாதவருக்கும் அந்த முடிவு அப்படியே பொருந்தாது. சீழில்லாத முறிவுக்கு உள் ஆணி போதும் என்பதை ஏற்கிறேன். அங்கே சட்டம் வேண்டாத சுமை. சீழும் இழப்பும் சேர்ந்த காலுக்குச் சட்டம் இன்னும் சிறந்த வழிகளில் ஒன்று என்பதே என் முடிவு. குறை பின்பராமரிப்பில் இருக்கிறது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் பிர்ட் மருத்துவமனையும், ரூயா, சுவிம்ஸ் மருத்துவமனைகளும் இருக்கின்றன; ஆனால் பலமநேர், புங்கனூர் போன்ற ஊர்களிலும் கம்பித் துளையைப் பார்க்கவும் கணுக்காலை அசைத்துப் பழக்கவும் பயிற்சி பெற்ற செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வேண்டும். அறுவை இலவசமானால் மட்டும் போதாது. பயணச் செலவையும் இழந்த கூலியையும் அரசு மருத்துவத் திட்டம் ஏற்க வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு ரிங் போடச் சொன்னால், எத்தனை மாதம் காலில் இருக்கும், கம்பியில் சீழ் கண்டால் ஊருக்கு அருகில் யாரைப் பார்ப்பது, மறு அறுவை வருமா என்ற மூன்றையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள்.