கம்பனை ஆய்ந்தவர் சிறையை ஆய்ந்தது

நீதியரசர் மு. மு. இஸ்மாயில் அவர்களைப் பற்றி நம் இலக்கிய மேடைகளில் பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் கம்பன் வழியாகவே. நாகூர் தந்த அப்பெருமகனார் சென்னைக் கம்பன் கழகத்தை வளர்த்ததும், இராமகாதையின் நுட்பங்களை நீதிமன்ற நோக்கோடு அலசியதும் போற்றத்தக்கனவே. ஆயினும் அவர் எழுதியவற்றுள் மிகக் கடுமையானதும், தமிழ் முஸ்லிம்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியதும் ஓர் அரசாங்க அறிக்கை. அதனை இலக்கியமாகக் கொள்வோர் அரியர். ஆதலின் இங்கே சிறிது திறனாய்வோம்.

1975 சூன் 25-இல் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. 1976 சனவரி 31-இல் தமிழக அரசு கலைக்கப்பட, ‘மிசா’ச் சட்டத்தின்கீழ்ப் பலர் சென்னை மத்தியச் சிறையில் அடைபட்டனர். பிப்ரவரித் தொடக்கத்தில் அங்கே அவர்கள் இரவில் கொடுமையாகத் தாக்கப்பட்டனர். அடியுண்டவருள் ஒருவரான நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு 1977 சனவரியில் காலமானார். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தமையால், அன்று திருச்சி மாவட்டத்தைச் சார்ந்திருந்த எங்கள் உடையார்பாளையம் போன்ற ஊர்களுக்கு இவையெல்லாம் வதந்தியாகவே வந்து சேர்ந்தன.

அதே 1976 ஏப்ரல் 28-இல், ஆட்கொணர்வு வழக்கில் உச்ச நீதிமன்றம் நான்கிற்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. காவலில் வைக்கப்பட்டோர் நீதிமன்றக் கதவைத் தட்ட இயலாது என்றது. பெரும்பான்மையில் நின்ற நீதிபதி பெய்க், காவலில் உள்ளோரை அரசு ஏறத்தாழத் தாயைப் போலப் பேணுகின்றது என்னும் கருத்தையும் தம் தீர்ப்பில் சேர்த்தார். சென்னைச் சிறையில் தடிகள் ஓய்ந்து மூன்று திங்கள்கூட முற்றாத வேளை அது! மறுத்தெழுதிய நீதிபதி கன்னா 1977-இல் தலைமைப் பதவியை இழந்தார். அது பெய்க் அவர்களுக்குச் சென்றது. இத்தீர்ப்பு பிழையென்று உச்ச நீதிமன்றமே உரைக்க 2017 ஆகிவிட்டது.

ஆட்சி மாறிய பின் சென்னைச் சிறை நிகழ்ச்சிகளை விசாரிக்கும் பொறுப்பு நீதியரசர் இஸ்மாயில் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பெய்க் கேள்விப்பட்டதை எழுதினார். இஸ்மாயில் கேட்டு எழுதினார். இருவரும் முஸ்லிம்களே, ஒருவரை மட்டும் நம்மவர் என்று கொண்டாடுதல் நேர்மையன்று. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரை ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி, இவர் கண்டாரா, கேட்டாரா, இவர் சொல்லுக்கு வேறு துணை உண்டா என்று ஆயும் முறையை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவர். இவ்வறிக்கையின் வலிமையும் அத்தகைய பொறுமையிலேயே உள்ளது. அதனாலேதான் அடித்தது உண்மை என்ற முடிவு அசைக்கவொண்ணாததாயிற்று.

குறை எங்கே? எழுத்தில் அன்று, எழுதியவருக்கு வாய்த்த சட்டத்தில். 1952-ஆம் ஆண்டின் விசாரணைக் கமிஷன் சட்டப்படி கமிஷனுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அங்கே ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தைப் பின்னர் அவருக்கெதிராகப் பயன்படுத்தவும் அதன் 6-ஆம் பிரிவு தடைசெய்கின்றது. பொய்ச்சாட்சி வழக்கு மட்டுமே விதிவிலக்கு. அதிகாரிகளின் அநீதியை விசாரிக்கும் ‘மளாலிம்’ மன்றம் பற்றி இமாம் மாவர்தி (இறப்பு ஹிஜ்ரி 450) வகுத்துரைத்ததில், விசாரிப்பவருக்கு நிறைவேற்றும் ஆற்றலும் வேண்டும் என்பதே அடிப்படை. நம் கமிஷன்களிடம் இல்லாதது அதுவே. ஷா கமிஷனின் கதி இன்னும் மோசம்! 1978-இல் வெளிவந்த அதன் அறிக்கைப் படிகள் 1980-க்குப் பின் கிடைப்பதற்கரியனவாயின. இரா. செழியன் தம்மிடமிருந்த படியைக் கொண்டு 2010-இல் மறுபதிப்பிட்டார். டில்லி துருக்மான் கேட்டில் முஸ்லிம் குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்ட வரலாறும் அதற்குள்ளேதான் இருக்கின்றது.

உள்நாட்டில் நீதி நடவாதபோது வெளியார் கேட்கலாமா? இந்தியா 1979-இல் குடிமை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது. எனினும் தனியொருவர் ஐ.நா. குழுவிடம் முறையிட வழிசெய்யும் துணை ஒப்பந்தத்தில் சேரவில்லை. சித்திரவதைக்கெதிரான உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டது, ஏற்புறுதி அளிக்கவில்லை. அந்நியர் தலையீடு இறையாண்மைக்கு இழுக்கு என்பர். ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி உண்டு. ஷாம் நாட்டு உழவர் சிலர் வரிக்காக வெயிலில் நிறுத்தப்பட்டிருந்தனர். அவ்வழியே சென்ற ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் காரணம் வினவினார். மக்களை வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் என்று நபிகள் நாயகம் (ஸல்) கூறக் கேட்டதை எடுத்துரைத்தார். ஆளுநர் அவர்களை விடுவித்தார். ஹிஷாம் அவ்வூரார் அல்லர். உழவர் அவர் இனத்தாரும் அல்லர்.

அதே ஷாம் தேசத்துச் சிறைகளில் நம் காலத்தில் நடந்ததற்கு, 2022 சனவரி 13-இல் செருமனியின் கோப்லென்சு நீதிமன்றம் சிரிய உளவுத்துறையின் முன்னாள் கர்னல் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பிறர் சிறைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நம் ஏடுகள் பல, முஸ்லிம் ஆட்சியாளர் நடத்திய அச்சிறைகளைப் பற்றி நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. திமஷ்கில் அடிபட்டோர் சாட்சி சொல்லக் கடல் கடந்து ஓர் அந்நிய ஊரைத் தேட வேண்டியிருந்தது. சென்னையில் அடிபட்டோருக்கு ஓர் இஸ்மாயில் வாய்த்தார்.