பட்டறையை எழுதிய தூரிகைகள்

சுவாமிமலையில் ஒரு சிற்பப் பட்டறை. வார்த்தெடுத்த நடராசரின் தோள்வளையில் ஸ்தபதி சின்ன உளியை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார். உளியைப் பிடித்த விரல்களில் இறுக்கமே இல்லை. சுண்டுவிரல் மட்டும் உலோகத்தில் ஊன்றி, கை வழுக்காமல் காவல் காக்கிறது. சுவரோரம் கிரைண்டர் மெஷின், தரையில் அதன் கறுப்பு வயர், மேலே டியூப்லைட். இதைப் படமாக எழுத வரும் ஓவியர் பெரும்பாலும் கிரைண்டரை விட்டுவிடுகிறார். வயர் மறைந்துவிடும். டியூப்லைட் இருந்த இடத்தில் சன்னல் வெயில் வந்து உட்காரும். எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் இதுதான்.

தொழில் செய்பவரைப் படமாக்கும் வழக்கம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, சரபோஜி மன்னர் காலத்திலும் தஞ்சாவூர் ஓவியர்கள் ஆங்கிலேயருக்காக ஆல்பம் ஆல்பமாக எழுதிக் குவித்தார்கள். தச்சர், தட்டார், நெசவாளர், குயவர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தம்பதி. ஆளின் கையில் கருவி, பின்னால் வெறும் வானம். திருச்சியில் இதையே அப்பிரகத் தகட்டில் சின்னதாக எழுதினார்கள். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலும் இத்தகைய படங்கள் இருக்கின்றன. உடையும் நகையும் நுணுக்கமானவை. ஆனால் தட்டார் தட்டுவதில்லை, நெசவாளர் நெய்வதில்லை. கருவியோடு நிற்கிறார்கள், அவ்வளவுதான். வாங்கியவருக்கு வேண்டியிருந்தது சாதி அடையாளம், வேலை அல்ல.

சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப்பள்ளி வேறு வழியில் போனது. கைத்தொழிலும் சித்திரமும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 1929இல் அதன் தலைமைக்கு வந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. பாறையை நெம்பும் அந்த நால்வரின் தசைகளில் பலம் தெரிகிறது. அது உழைப்பின் சிலை. கைப்பழக்கம் என்பது வேறு. ஸ்தபதியின் சுண்டுவிரலில் தசை புடைப்பதில்லை.

அந்தப் பழக்கத்தைக் கோட்டில் பிடித்தவர் என்று நான் முதலில் சொல்வது கோபுலுவை. 1924இல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். தில்லானா மோகனாம்பாள் தொடர்கதைக்கு அவர் வரைந்த நாகசுரக்காரரைப் பாருங்கள்: உப்பிய கன்னம், துளைகளின் மேல் விரல்கள், தோளிலிருந்து நழுவும் துண்டு. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவரின் கை அது. பத்திரிகைப் படம்தானே என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கும்பகோணம் ஓவியக் கல்லூரியிலிருந்து வந்த ஓவியர் எஸ். இளையராஜா, 2021இல் கொரோனாவில் நம்மை விட்டுப் போகும்வரை, வாசற்படியிலும் சன்னலோரத்திலும் நம் கிராமத்துப் பெண்களை எழுதினார். தோலின் மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதில் அவருக்கு இருந்த பொறுமை, பட்டறையை எழுத நினைக்கும் எந்த மாணவருக்கும் பாடம்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கை எப்படிச் சோதிக்கிறார்கள்? அடி, தண்டு, தட்டு, பிரபை என்று தனித்தனியாக வார்த்துக் கடைந்ததை மரையில் திருகி நிறுத்துகிறார்கள். ஆடினால் விளக்கு திரும்பிப் போகும். படத்துக்கும் அந்தச் சோதனை வேண்டும் என்கிறேன். கடைசல்காரரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். உளி பிடித்த கோணம் தப்பாக இருந்தால் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார். மோட்டார் எங்கே என்றும் கேட்பார். கையால் சுற்றிய கடைசல் இன்று மின்சாரத்தில் ஓடுகிறது, அதில் அவருக்கு வெட்கம் எதுவும் இல்லை. படம் எழுதுகிறவருக்கு ஏன் இருக்க வேண்டும்?

நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்ய ஆச்சா மரம் வேண்டும். அதுவும் புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணுமே நாதம் கொடுக்கும். நாகசுர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு ரங்கநாதன் ஆசாரி வாத்தியம் செய்து கொடுத்தது இந்த ஊரில்தான். 2022இல் இவ்வூர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காங்கிரீட் வீட்டுக்காக இடிபட்ட ஓட்டுவீட்டின் உத்தரம், ஆணித் துளைகளோடு, கடைசல் மோட்டாரின் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. மரத்தூள் படிந்த கையோடு ஆசாரி அதை விரலால் தட்டி, காது வைத்துக் கேட்கிறார். அந்தக் கையையும் அந்த மோட்டாரையும் ஒரே சட்டத்துக்குள் எழுதிய படம் இன்னும் என் கண்ணில் படவில்லை.