கலாமின் எழுத்தில் கண்ணோட்டம்

வள்ளுவர் அருளுடைமையைத் துறவறவியலில் வைத்தார். கண்ணோட்டத்தையோ பொருட்பாலில், அரசியலின்கண், 58ஆம் அதிகாரமாக வைத்தார். இவ்வைப்புமுறை கருதத்தக்கது. தம்மொடு பயின்றார் கூறுவதை மறுக்கமாட்டாமையே கண்ணோட்டம் என்னும் கருத்துப்பட உரைப்பர் பரிமேலழகர். அங்ஙனமாயின், ஆள்வோன் ஒருபோதும் கண்டறியாத ஒருவன்பால் அப்பண்பு செல்லுமாறு யாங்ஙனம்? இவ்வினாவோடு அப்துல் கலாமின் தன்வரலாற்று நூல்கள் இரண்டனை ஈண்டு நோக்குவோம்.

முன்னது, அருண் திவாரியின் துணையுடன் 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, தமிழில் 'அக்னிச் சிறகுகள்' எனப் பெயர் பெற்றது. இதனைப் போற்றுவோர் பெரும்பாலும் ஏவுகணைக் கனவையே போற்றுவர். எமக்கோ அதன் தொடக்கத்தில் வரும் இராமேசுவரமே நூலின் உயிராகத் தோன்றுகின்றது. அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் இசுலாமியச் சிறுவனைத் தம் இல்லத்திற்கு உண்ண அழைக்கின்றார். மனைவியார் தம் சமையலறையில் பரிமாற மறுக்கின்றார். ஐயர் சினவாது தாமே பரிமாறி, அருகமர்ந்து உண்கின்றார். அம்மையார் கதவின் பின்னின்று நோக்குகின்றார். அடுத்த வாரமும் வருமாறு ஐயர் அழைக்கின்றார். அன்று அம்மையாரே உள்ளழைத்துப் பரிமாறுகின்றார். ஐயரின் கண்ணோட்டம் சிறுவனோடு நின்றுவிடவில்லை. மறுத்தவரையும் அது தழுவிற்று. மனம் மாறுதற்கு அவர்க்கு ஒரு வாரமும் தந்தது. ஒரு சொல்லும் மிகையின்றி இதனை எழுதிய கை தேர்ந்த கையே.

பின்னது 2012இல் வந்த குடியரசுத் தலைவர் காலத்து (2002–2007) நினைவுநூல். பீகார்ச் சட்டமன்றக் கலைப்பிற்கு 2005இல் மாசுகோவிலிருந்தவாறே ஒப்புதல் அளித்ததும், உச்சநீதிமன்றம் அக்கலைப்பைப் பிழையென்றபின் பதவிவிலகல் மடல் எழுதி வைத்ததும் அதன்கண் உள்ளன. கொள்கையுள்ளம் வருந்தும் பகுதி அது, மெய்ம்மையும் உண்டு. ஆயின் அவ்வருத்தம் தம்மைப் பற்றியதே.

தூக்குத்தண்டனைக் கருணைமனுக்களைப் பற்றிய பகுதியே நம் வினாவிற்கு உரைகல். நிலுவையிலிருந்த வழக்குகளில் ஏறத்தாழ அனைத்திலும் சமூக, பொருளாதாரச் சார்பு கண்டதாகக் கலாம் எழுதுகின்றார். இஃது எளிய கூற்றன்று. நாட்டின் தலைவர் நீதியின் தராசையே ஐயுறும் கூற்று. எனினும் உடன்பாடளித்த ஒரு வழக்கைச் சில தொடர்களில் கடந்துவிடுகின்றார். 2004 ஆகஸ்டு 14இல் கொல்கத்தாவில் தூக்கிலிடப்பெற்ற தனஞ்சய் சட்டர்ஜியின் பெயரும் அங்கில்லை. அடுக்ககக் காவலாளியாகிய அவர் மின்தூக்கிப் பணியாளராகவே சுட்டப்பெறுகின்றார். குற்றம் ஐயமற்றது என்பது கலாமின் துணிபு. அத்துணிபை யாம் ஈண்டு வழக்காடவில்லை. கதவின் பின்னின்ற பெண்ணின் பார்வையையும் மறவாத எழுத்து, தன் கையொப்பத்தால் உயிரிழந்தவனின் தொழிலைத் தவறவிட்டதே திறனாய்வாளன் குறிக்கத்தக்கது.

கேராஜ் ராமின் தண்டனையை அவர் குறைத்தார். எஞ்சிய மனுக்கள் பல முடிவின்றிக் கிடந்தன. இத்தாழ்த்தலைக் கண்ணோட்டம் என்பாருளர். கடமை சிதையாதவாறு கண்ணோடுதலையே வள்ளுவர் வேண்டினார் ஆதலின், அதனை முழுதும் ஏற்றல் அரிது. காரணமற்ற நெடுந்தாழ்வு துன்புறுத்தலாகும் என்று கூறி 2014 சனவரியில் உச்சநீதிமன்றம் பதினைவரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. தாழ்த்தல் உயிரைக் காக்கவும் கூடும், உள்ளத்தை வதைக்கவும் கூடும் என்பது அத்தீர்ப்பால் பெறப்படும். இவ்விரண்டனுள் தாம் கருதியது எது என்பதை மட்டும் கலாமின் நூல் சொல்லாது விடுகின்றது.