உடப்பு அம்மனின் பெயர்கள்

இலங்கையின் புத்தளம் பக்கம், முந்தலைத் தாண்டித் தெற்கே போனால், கடலோரத்தில் உடப்பு. ஆடியில் தீமிதிப்பு நடக்கும் கோயிலின் முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது: ருக்மணி சத்தியபாமா சமேத ஸ்ரீ பார்த்தசாரதி ஸ்ரீ திரௌபதையம்மன் ஆலயம். தீயைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பெயரையும் கொஞ்சம் நின்று ரசிக்கலாம்.

துருபதன் மகள் திரௌபதி. வழித்தோன்றலைச் சொல்ல, வடமொழியில் பெயரின் முதல் உயிரைப் பருக்கச் செய்வார்கள். உகரம் ஔகாரமானதும் மகள் பிறந்துவிடுகிறாள். ஜனகன் மகள் ஜானகி, வசுதேவன் மகன் வாசுதேவன் எல்லாம் இதே கைவேலைதான். குந்தியின் இயற்பெயர் பிருதை. அவள் பெற்றவன் பார்த்தன். அவனுக்குத் தேரோட்டியவன் பார்த்தசாரதி. கோயில் பெயருக்குள் தகப்பன் பெயரால் ஒருத்தி, தாய் பெயரால் ஒருவன்!

திரௌபதியின் இன்னொரு பெயரான பாஞ்சாலி, பாஞ்சால நாட்டால் வந்தது. கிரேக்கரின் அதீனாவும் ஏதென்ஸ் நகரத்தால் பெயர் பெற்றவள் என்றே அறிஞர் பலர் கருதுகிறார்கள். கிரீட் தீவின் நொசோஸில் கிடைத்த, 3,000 ஆண்டுகளுக்கும் மூத்த களிமண் பலகையொன்றில் ‘அதனா பொத்தினியா’ என்றிருக்கிறது. ‘அதனாவின் தலைவி’ என்று கொள்ளலாம். அந்த ஊர்ப்பெயரோ கிரேக்க மொழிக்கும் முந்தியதாம். பிளேட்டோவின் ‘கிராத்திலஸ்’ உரையாடலில் சோக்ரடீஸ் அதீனாவின் பெயரைத் ‘தெய்வ அறிவு’ என்று பிரித்துக் காட்டுகிறார். அழகான விளக்கம்தான், நம்பத்தான் முடியவில்லை. நம் கதாப்பிரசங்கிகள் அவரிடம் தோற்றுப்போக மாட்டார்கள்.

அதீனா சியூஸின் தலையிலிருந்து வந்தவள். திரௌபதி வேள்வித் தீயிலிருந்து. துருபதனின் மறுபெயர் யக்ஞசேனன் என்பதால் அவள் யாக்ஞசேனி. யக்ஞம் என்றால் வேள்வி. தகப்பனும் தீயும் ஒரே பெயரில்! தீமிதிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ஆனால் யார் வாயில் நுழையும்? சீதை, கோதை என்று பழகிய நாக்குக்குத் திரௌபதைதான் சுகம்.

என் மனதுக்குப் பிடித்தது கிருஷ்ணை. கருநிறத்தாள், அவ்வளவுதான். உயிர் பருக்கவில்லை, தகப்பனும் இல்லை, நாடும் இல்லை. கண்ணனுக்கும் அதே பெயர், விகுதிதான் வேறு. சபையில் அவள் துகிலைப் பற்றி இழுத்தபோது துருபதனும் வரவில்லை, பாஞ்சாலப் படையும் வரவில்லை. நிறத்தாலும் பெயராலும் ஒத்த அவன்தான் சேலை கொடுத்தான்.