தூரத்துக் குரலும் நம் செவியும்

1941 மே 3 அன்று லண்டனில் தொடங்கிய பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு, 'தமிழோசை' எனப் பெயர் பெற்று, 2017 ஏப்ரல் 30 அன்று சிற்றலையில் ஓய்ந்தது. ஈழப்போர்க் காலத்தில் தருமபுரிச் சிற்றூர்களிலும் இரவில் அதற்காகக் காத்திருந்த செவிகள் உண்டு. அவற்றுள் என்னுடையதும் ஒன்று.

அதன் சிறப்பு யாது? துயரச் செய்தியையும் குரல் உயர்த்தாது உரைத்தது. இரு தரப்பாரையும் பேசவிட்டது. கேட்பவரின் சினத்தைத் தூண்டாமல், சிந்தனைக்கு இடம் தந்தது.

குறை ஒலிபரப்பினுடையதன்று, நம்முடையது. கடல் கடந்து வந்த யாழ்ப்பாணத்தின் அழுகைக்குக் கண்ணீர் சிந்திய நாம், ஃபுளோரைடு மிகுந்த கிணற்றுநீரால் பல் பழுப்பேறிய நம் மாவட்டப் பிள்ளைகளின் மௌனத்தைச் செய்தியாகவே எண்ணவில்லை. நல்ல சமாரியர் உவமையில், காயமுற்றவனைக் கண்டும் விலகிச் சென்றவருள் முதல்வர் ஒரு குரு என்பதை நான் மறக்கவியலாது. தொலைவில் இருப்போர்க்குச் செவிசாய்க்கக் கற்றது நன்று. அச்செவியை அண்டை வீட்டிற்கும் திருப்புவோம்.