நந்தினியின் பிறப்பும் வாசகரின் தீர்ப்பும்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950–1954) குறித்துப் பேராக், சுங்காயில் தமிழாசிரியர் சிலரோடு உரையாட நேர்ந்தது. குந்தவை நல்லவள், நந்தினி தீயவள் என்னும் வழக்கமான பாகுபாடே அங்கும் முதலில் முன்வைக்கப்பட்டது. மாணவர் விடைத்தாள்களிலும் இதனையே மிகுதியாகக் காண்கிறோம். நாவல் இப்பாகுபாட்டிற்கு இடந்தருகிறதா என்பதே இக்கட்டுரையின் வினா.

இருவரும் அரசியல் சூழ்ச்சியில் வல்லவர்கள். ஆடவரின் அன்பைக் கருவியாக்கத் தயங்காதவர்கள். வந்தியத்தேவனைத் தத்தம் காரியத்திற்குப் பயன்படுத்த இருவருமே முனைகின்றனர். ஆயினும் குந்தவையின் சூழ்ச்சியை அரசதந்திரம் என்கிறோம். நந்தினியின் சூழ்ச்சியை வஞ்சகம் என்கிறோம். இவ்வேறுபாடு பெரிதும் குலத்தைப் பற்றி எழுவது எனலாம். குந்தவை சுந்தர சோழரின் மகள். அதில் எவர்க்கும் ஐயமில்லை. நந்தினியோ ஆழ்வார்க்கடியானின் தங்கையாக வளர்ந்தவள். ஊமை ராணி மந்தாகினியின் சாயலைக் கொண்டவள். அவள் தன் உடன்பிறந்தாள் என நம்பிக் குந்தவையே ஆதித்த கரிகாலனுக்குச் செய்தி அனுப்புகிறாள். வீரபாண்டியன் அவளுக்கு யார் என்பதற்கு நாவல் தரும் விடையும் இடத்திற்கிடம் மாறுகிறது. தன் பிறப்பைப் பிறர் வாய்மொழியாகவே அறியவேண்டிய நிலை அவளுடையது.

இதைக் கூறியபோது, தோட்டப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், "பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கு வந்து நிற்கும் பிள்ளையின் நிலைதானே இது!" என்றார். என் உரையினும் அவ்வொரு தொடரே அவையினரைச் சிந்திக்க வைத்தது.

இதனால் நந்தினி குற்றமற்றவள் ஆகிவிடமாட்டாள். வீரபாண்டியனின் உயிருக்காக அவள் மன்றாடியும் கரிகாலன் இரங்கவில்லை. அவளது பழியுணர்ச்சிக்கு இது போதிய காரணமே. ஆனால், முதியவரான பெரிய பழுவேட்டரையர் அவளுக்கு எத்தீங்கும் இழைத்தவரல்லர். அவர் தன்மீது வைத்த நம்பிக்கையை அவள் சதிக்குத் திரையாக்கிக் கொள்ளும் பகுதிகளே அவள்மீது சாட்டத்தக்க உண்மையான குற்றம். வியப்பு யாதெனில், அவளைக் கண்டிப்போர் இதனைப் பெரிதாகப் பேசுவதில்லை; கரிகாலன் கொலையையே பேசுகின்றனர். கடம்பூர் மாளிகையில் அவனை வீழ்த்திய கை எவருடையது என்பதைக் கல்கி ஐயத்திலேயே விட்டுவிட்டார்.

இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, இக்கொலையில் தொடர்புடையோராகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைச் சுட்டுகிறது. நந்தினி அதில் இல்லை. அவள் கல்கியின் கற்பனை. கல்வெட்டு கூறாத கொலை நோக்கத்தை ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்தது நாவலாசிரியரின் தேர்வு. நம் வகுப்பறைகளில் ரவிதாசனைப் பற்றி எவரும் கட்டுரை எழுதச் சொல்வதில்லை.